பிளாஷ் அண்ணனுடையது, கேமரா என்னுடையது

எங்கள் ஸ்டூடியோவில் கேமரா என் பொறுப்பு, பிளாஷ் அண்ணன் பொறுப்பு. இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா போனபிறகு ஸ்டூடியோ போர்டில் யார் பெயர் முதலில் என்று வந்த சண்டை. வெட்கக்கேடுதான். எதைச் சொல்வதானாலும் அண்ணி வழியாகத்தான்.

அன்று மதியம் அம்மா வந்தார். தாடையில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். பாதித் தாடையை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போட்டோ என்றாலே முகத்தை மூடிக்கொள்கிற மனுஷி, தானே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இந்த மூஞ்சி நாளைக்கு இருக்காதுடா. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். வாசலில் டாக்ஸி காத்திருந்தது.

முதல் படத்தில் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போயிருந்தது. முந்தின நாள் ஒரு பெரிய ஹாலில் எடுத்தபோது கேமராவிலேயே பிளாஷ் அளவைக் கூட்டியிருந்தேன், இறக்க மறந்துவிட்டேன். பிளாஷ் வெளிச்சம் குறையட்டும் என்று கேமராவில் மைனஸ் இரண்டு வைத்தேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அண்ணன், பிளாஷ் ஸ்டாண்டுக்குப் போய் என்னவோ செய்தான். பிளாஷை வேறு பக்கம் திருப்பி வைக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த படம் கும்மிருட்டு. ஏற்றினேன். மறுபடி வெள்ளை. இறக்கினேன். மறுபடி இருட்டு. பேட்டரியை மாற்றினேன், கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். எனக்குத் தலை வெடித்தது.

“என் போன்ல ஒண்ணு எடுத்துடவா?” என்றார் கூட நின்ற அண்ணி.

“நம்ம பொழப்பே இதுதான் அண்ணி. அம்மாவைப் போயி போன்லயா எடுக்கிறது?” என்று எகிறினேன். அண்ணனும் வேண்டாம் என்று கையை ஆட்டினான். இதில் மட்டும் என்ன ஒரு ஒற்றுமை!

“ஆளுக்கொரு பக்கம் திருகிட்டே இருக்கீங்களே, ஒருத்தரை ஒருத்தர் கேட்டாத்தான் என்னடா?” என்றார் அம்மா.

நான் கேமராப் பக்கம் குனிந்தேன், அண்ணன் பிளாஷ் பக்கம் போனான். வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அம்மா எழுந்தார்.

“சரி விடுங்க, வந்து எடுத்துக்கலாம்” என்றவர், என்ன சொன்னோம் என்று உறைத்ததும் தாடையைத் தொட்டுக்கொண்டே போய்விட்டார்.

அவர் போனபிறகுதான் பிளாஷின் முதுகைப் பார்த்தேன். அதிலும் மைனஸ் இரண்டு. பிளாஷில் வைப்பதும் கேமராவில் வைப்பதும் ஒன்றோடொன்று கூடும். நான் குறைத்தபோதெல்லாம் அவனும் குறைத்திருக்கிறான், நான் ஏற்றியபோதெல்லாம் ஏற்றியிருக்கிறான். இருட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்துப் பார்த்தேன். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது, அம்மா என்று எங்களுக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண்ணும் நெற்றியும் தவிர எல்லாம் கட்டு. எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு கொடுத்திருந்தார்கள். கட்டிலுக்கு அந்தப்பக்கம் அண்ணன் நின்றான். என்னால் அடக்க முடியவில்லை.

“பிளாஷ்ல குறைச்சேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?”

“நீ கேமராவுல கை வச்சியே, சொன்னியா?”

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். குரல் ஏறியது. போர்டு வரைக்கும் போய்விட்டோம். நர்ஸ் வந்து அதட்டினார்.

அம்மா சிலேட்டைத் தட்டிக் கூப்பிட்டார். இருவரும் குனிந்தோம்.

“அன்னைக்குப் பேசாத வாய் இப்ப எதுக்கு? ரெண்டு பேரும் வெளிய போங்க.”