ஜாடிக்குள் இருந்த ஒன்பது மணி

1

இருந்தவர்கள்: பெர்னி, மதுக்கடைக்காரி. ரோலி வென்ட், உலோக வார்ப்பு ஆலையில் இரவுக்குழுவின் மேஸ்திரி. டெஸ்மண்ட் ஆலி, அதே குழுவில் வேலை. தொலைக்காட்சியில், எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியின் ட்ரேவன் ஹோல்காம்.

இந்தக் கதை ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து வந்தது. வினிகரில் ஊறவைத்த முட்டைகள் முன்பு இருந்த ஜாடி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்காகப் பெர்னி காலை ஆறரைக்கே கடையைத் திறப்பாள். வெளியாட்களுக்கு மதியம்தான். அதனால் யார் உள்ளே வந்தாலும், யார் வெளியே போனாலும், பின்னாலேயே கதவைப் பூட்டிவிடுவாள். முந்தைய இரவின் ஆட்டத்தைப் பதிவுசெய்து வைத்திருப்பாள். நாங்கள் வேலையில் இருந்தபோது நடந்த ஆட்டம். அதன் முடிவு காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, வருகிறவன் கைபேசியை ஜாடியில் போட்டுவிட வேண்டும். ஆட்டம் முடியும்வரை, அடித்தாலும் எடுக்கக் கூடாது. பதினோரு வருட வழக்கம்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்..." வேண்டாம். அன்று பனி கொட்டவில்லை. பழைய பனி நடைபாதை ஓரத்தில் கறுத்துக் கிடந்தது.

இரண்டாவது: "ரோலி நல்ல மனிதன், ஆனால்"

இதை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது: ஏழு மணியிலிருந்து ரோலியால் ஜாடியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இதுதான் சரி. காரணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து விளையாட எனக்குத் தெம்பில்லை. குழுவிலிருந்து ஒருவனைக் கெனோஷா ஊரிலுள்ள ஆலைக்கு அனுப்ப வேண்டும், பெயர் கொடு என்று அலுவலகம் ரோலியைக் கேட்டிருந்தது. அவன் டெஸ்மண்டின் பெயரைக் கொடுத்தான். காலை ஏழு மணிக்கு டெஸ்மண்டுக்குச் செய்தி போகும். ஒன்பதுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை இல்லை.

அலுவலகமே சொல்லிக்கொள்ளட்டும் என்று ரோலி வாயை மூடிக்கொண்டான். ஜாடியை அவன் மறந்துவிட்டிருந்தான். டெஸ்மண்டின் கைபேசி அடியில் போய் 'டங்' என்று விழுந்தபோதுதான் நினைவு வந்தது.

3

ஹோல்காம் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது, அவன் இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஆடிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் ஹோல்காமைப் பெஞ்சில் உட்கார வைத்தார். வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று இவன் பத்திரிகைக்காரர்களிடமே சொன்னான். அன்றிலிருந்து, இடைவேளைகளில் மற்றவர்கள் வட்டமாக நிற்க, இவன் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மூஞ்சியப் பாரு. சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்கான்" என்றான் ரோலி.

"முட்டி போனது அவனுக்கு, பெரிசு. உனக்கில்ல" என்றான் டெஸ்மண்ட்.

இவனை வேறு அணிக்குக் கொடுத்தால் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் சண்டை சூடுபிடித்தது. புது ஆட்டக்காரர்களை எடுக்கும்போது முதல் சுற்று உரிமை ஒன்றாவது கேட்க வேண்டும் என்றான் டெஸ்மண்ட். இரண்டாம் சுற்று உரிமை ஒன்றும், பெஞ்சைத் துடைக்க ஒரு ஆளும் கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றான் ரோலி. இருபத்தொன்பது வயது, தேய்ந்த முழங்கால், எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் குணம். குணம் கெட்டவன் இருந்தால் மொத்தக் கூட்டமும் கெட்டுப்போகும் என்றான். சொல்லும்போது அவன் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை.

பெர்னி ரோலியின் குவளையில் பிராந்தியை நிரப்பிக்கொண்டே, "மூணு வருஷம் முன்னாடி இதே ஆளு அடிச்ச பாயிண்ட்டுக்கு இங்க உக்காந்து நீ அழுத, கண்ணு" என்றாள்.

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. "மொதல்ல அவங்களே உக்கார வெப்பாங்க. அப்புறம், பாரு சும்மாவே உக்காந்திருக்கான், இவனுக்கு என்ன விலைன்னு கேப்பாங்க."

(ஒரு பாத்திரத்தை இவ்வளவு தெளிவாகப் பேசவைத்தால் வாசகர் நம்புவாரா என்று யோசித்தேன். அவன் சொன்னது இதுதான். கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.)

4

ஏழு ஐந்துக்கு ஜாடி வெளிச்சம் போட்டது. எட்டு பத்துக்கு மறுபடியும். கண்ணை உறுத்துகிறது என்று பெர்னி துடைக்கும் துணியை எடுத்து ஜாடியின் மேல் போட்டாள்.

ரோலியின் மனதில் அப்போது என்ன ஓடியது என்று மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். அவன் கணக்குப் போட்டிருப்பான் என்பது மட்டும் உறுதி: விளம்பரங்களோடு சேர்த்தாலும் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆட்டம் முடிந்துவிடும். டெஸ்மண்ட் எடுத்துப் பார்ப்பான். யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

எட்டு ஐம்பத்து நான்குக்கு இரண்டு அணிகளும் சமமாக நின்றன. கூடுதல் நேரம். அதுவும் சமம். மறுபடி கூடுதல் நேரம்.

5

முதல் பட்டியலில் ஒரு ஆளை விட்டுவிட்டேன்.

நானும் இருந்தேன். கதவுப் பக்கத்து இருக்கை. போன வசந்தத்தில் அழுத்த இயந்திரம் டெஸ்மண்டின் மணிக்கட்டை நசுக்கியபோது, கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்த என்னை அதில் நிறுத்தினார்கள். அவன் திரும்பி வந்தபோது கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அதன்பிறகு எட்டு மாதமாக அவன் யாருக்கும் காலை வணக்கம் சொன்னதில்லை. யார் பெயரைக் கொடுக்கலாம் என்று ரோலி கேட்டது என்னிடம். "டெஸ்மண்டோட குணம் சரியில்ல" என்று சொன்னது நான். ஒன்பது மணிக் கெடுவும் எனக்குத் தெரியும்.

ரோலியின் கழுத்துக்குப் பின்னால் நின்று இந்தக் கதையை எழுத நினைத்தது ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

6

கிடைக்கக்கூடிய முடிவுகள்.

ஒன்று: எட்டு ஐம்பத்தெட்டுக்கு ரோலி துணியை விலக்கி, கைபேசியை எடுத்து நீட்டுகிறான். பதினோரு வருட வழக்கம் உடைகிறது. (அவன் கை கவுண்டரின் பாதிவரை போனது. அதைப் பார்த்தேன்.)

இரண்டு: அதை நான் செய்கிறேன். (எழுதிப் பார்த்தேன். பொய் என்று எனக்கே நாறியது.)

மூன்று: செய்தி வரப்போவதை முன்பே கேள்விப்பட்டிருந்த டெஸ்மண்ட், தெரிந்தேதான் ஜாடியில் போட்டான். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நம்பாதீர்கள்.

7

ஆட்டம் முடிந்தபோது ஒன்பது இருபத்தாறு. தோற்றோம். இரண்டு கூடுதல் நேரத்திலும் ஹோல்காமை இறக்கவில்லை. துண்டு தலையிலேயே இருந்தது.

டெஸ்மண்ட் ஜாடிக்குள் கைவிட்டு எடுத்தான். வினிகர் வாடையைக் காற்சட்டையில் துடைத்தான். படித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ரோலியை, அவனுக்குப் பின்னால் என்னை. கோபம் இருந்ததா என்று கேட்காதீர்கள். அந்த முகத்தை நான் எட்டு மாதமாக நிமிர்ந்து பார்த்ததில்லை, ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை.

"எனக்குப் பதிலா என்ன கெடச்சுது, பெரிசு?"

ரோலி குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

மூன்று முடிவுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது உங்களிடம் இருந்தால் அதையும் போடுங்கள். ஆனால் எதைப் போட்டாலும் இதை மட்டும் மாற்ற முடியவில்லை: டெஸ்மண்ட் மேலங்கியை மாட்டிக்கொண்டு என் இருக்கையை உரசியபடி வெளியே போனான். யார் போனாலும் செய்வதைப்போல, பெர்னி அவன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.