ரப்பர் துணி யாருக்கு?

கடைசிப் பிள்ளை இரண்டு நாள் வலியில் பிறந்ததிலிருந்து கோமதியம்மாளுக்குச் சிறுநீர் நிற்பதில்லை. தும்மினால் போதும், சேலை நனைந்துவிடும். பம்பாய்த் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் ஈரத் தோலைத் தூக்கிப் போடுவது அவள் வேலை. ஒவ்வொரு கட்டுக்கும் கொஞ்சம் கசியும். பிள்ளைக்கு இப்போது நாலு வயது. பஸ்ஸில் ஏறுவதையும், பகலில் தண்ணீர் குடிப்பதையும் அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

அறுபத்துநாலாம் வருஷத்து மழையில், அவள் கட்டிக்கொள்ளும் பழந்துணி ஒன்றும் காயவில்லை. வேறு வழியில்லாமல்தான் மெயின் ரோட்டுக்கு, பெரியநாயகம் அண்ணாச்சியின் மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டம் குறையட்டும் என்று எதிர்ச் சாரியில் நெடுநேரம் நனைந்தபடி நின்றாள். பிறகு கவுண்டரில் நின்ற வானமாமலையிடம் குனிந்து, "பஞ்சு ஒரு கட்டு, ரப்பர் துணி ஒரு கெஜம்" என்றாள்.

"ரப்பர் துணி யாருக்கு? பிள்ளைக்கா, கெழவிக்கா?"

"எனக்குத்தான்."

வானமாமலை பரணைப் பார்த்துக் கத்தினான். "ஏ தங்கசாமி, ரப்பர் துணிய எறக்கு! அக்காவுக்கு மூத்திரம் நிக்கலையாம்!"

பெஞ்சில் இருந்த மூன்று ஆண்கள் சிரித்தார்கள். கோமதியம்மாள் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டாள்.

மறுநாள் காலை குழாயடியில் வரிசை நீண்டிருந்தது. அதே சந்துக்காரி செண்பகவல்லி பின்னால் நின்றவளிடம் சொன்னாள்: "முனிசிபால்டிக் கொழாயில தண்ணி நின்னாலும் கவலையில்லடி. நம்ம சந்துல ஒரு கொழா மூடாமலே ஓடுதாம்."

குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கோமதியம்மாள் நடந்தாள். கடையில் நல்ல கூட்டம். இன்றைக்கு அவள் காத்திருக்கவில்லை.

"வேய் வானமாமலை! நேத்து நீரு ஊருக்குச் சொன்னத இன்னைக்கு நானே சொல்லுதேன். எனக்கு மூத்திரம் நிக்காது. நாலு பிள்ள பெத்த ஒடம்பு இது. ஒமக்கு நாக்கு நிக்க மாட்டேங்கே, அதுக்கு என்ன மருந்து வச்சிருக்கீரு?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி அவசரமாக எழுந்து வந்தார். "கோவப்படாதிய தாயி. பஞ்சும் துணியும் எடுத்துட்டுப் போங்க, துட்டு வேண்டாம்."

"எனாம் யாருக்கு வேணும்? ஒம்ம ஆளுகளுக்கு ஒரு மனுசிகிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடும்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மருந்து கலக்கிக்கொண்டிருந்த ஷ்யாமளா வெளியே வந்தாள். மாதுங்காவிலிருந்து வருகிறவள், மருந்தாளர் படிப்புப் படித்தவள். "நான் சொல்லித் தரேம்மா" என்றாள்.

கோமதியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "நேத்து நீங்களும் உள்ளதான இருந்திய? அவன் கத்துனது கேட்டுச்சா இல்லையா?"

ஷ்யாமளாவின் முகம் வெளுத்தது. "கேட்டுது. பேசாம இருந்துட்டேன்."

"அவன் தெரியாத பய. நீங்க தெரிஞ்சவுக. ஒங்க மேலதான் எனக்குக் கோவம் கூட வருது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு ஷ்யாமளா பாடம் எடுத்தாள். கோமதியம்மாளும் வந்து உட்கார்ந்தாள். வானமாமலையின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே வந்தாள்.

யாருக்கு என்று நாலுபேர் முன்னால் கேட்கக்கூடாது, ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கவேண்டும் என்றாள் ஷ்யாமளா. இருமினால் போகிறதா, அடக்கமுடியாமல் போகிறதா, ஓயாமல் ஒழுகுகிறதா? எரிச்சலோ ரத்தமோ இருந்தால் உடனே டாக்டரிடம் அனுப்பவேண்டும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லவே கூடாது.

"பொம்பளைககிட்ட ஆம்பள இதெல்லாம் எப்படிக் கேக்க?" என்றான் வானமாமலை.

"சிரிக்கத் தெரிஞ்சவருக்குக் கேக்கத் தெரியாதோ?" என்றாள் கோமதியம்மாள்.

ஷ்யாமளா அவனைக் கவுண்டருக்கு வெளியே நிறுத்தினாள். "இப்போ நீங்கதான் வாங்க வந்தவர். தங்கசாமிகிட்ட உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கோ."

வானமாமலை வாயைத் திறந்தான், மூடினான். "எனக்கு... வந்து..." என்று மூன்று தரம் தொடங்கினான். அதற்குமேல் வரவில்லை. காது சிவந்துவிட்டது.

"சொல்லும்வே" என்றாள் கோமதியம்மாள். "அந்தச் சொல்லு என் வாயில வர நாலு வருசமாச்சு."

எல்லாரும் போனபின் ஷ்யாமளா அவளைத் தனியே உட்காரவைத்து ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணி, விடவேண்டும். ஒரு வேளைக்குப் பத்து தரம், தினம் மூன்று வேளை. ஆஸ்பத்திரியில் பெண் டாக்டரிடம் காட்டச் சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் கோமதியம்மாள். "பேறுகாலம் பாத்தவ சொல்லல. தடுப்பூசி போட்டவ சொல்லல. நாலு வருசமா நான் நாறிக்கிட்டு அலஞ்சேனே, ஒருத்தியாவது சொன்னாளா?" ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது.

டாக்டரும் அதே பயிற்சியைத்தான் சொன்னாள். வெயில் காலத்துக்குள் தும்மலுக்குப் பயம் போயிற்று. கனத்த கட்டைத் தூக்கினால் மட்டும் இன்னும் கொஞ்சம் கசிந்தது.

ஒருநாள் அவள் கடைக்குப் போனபோது, வயதான ஒருவர் ஏதோ முணுமுணுக்க, வானமாமலை அவரை ஓரத்துக்கு அழைத்துப்போய்த் தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தான். அவரை அனுப்பிவிட்டு அவளிடம் வந்தான்.

"யக்கா, அன்னைக்கு நான் பேசினத மனசுல வச்சுக்கிடாதிய."

"நீரு மாறினது அவருக்கு நல்லது" என்றாள் கோமதியம்மாள். "எனக்குன்னா, இன்னும் ஆறல."