பீரோவுக்குப் பின்னால்

பத்து மணிக்கு வர வேண்டிய சர்வேயர் பதினொன்று நாற்பதுக்கு வந்தார். முப்பது வயதுப் பெண். தோளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பை, கையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கீழே கருவளையம். வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றப் போனார்.

“பரவாயில்லை மேடம், அப்படியே வாங்க” என்றார் வீட்டுக்காரரான பம்பு மெக்கானிக்.

“தரை இவ்வளவு சுத்தமா இருக்கே சார்.”

அந்தச் சுத்தம்தான் பிரச்சினை.

புயல் படுக்கையறையின் கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ராத்திரி முழுக்க மழை வீட்டுக்குள்ளேயே பெய்தது. போதாததற்குத் தெருத் தண்ணீரும் பின்கதவு வழியாக வந்து சேர்ந்துகொண்டது. முழங்கால் அளவு. விடிந்ததும் மெக்கானிக்குக்கு அழைப்பு வந்துவிட்டது. ஊரே தண்ணீரில் நிற்கும்போது தண்ணீர் இறைக்கிறவர் வீட்டில் உட்கார முடியாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அடுக்குமாடிகள் என்று நான்கு நாள் பம்போடு அலைந்தார். ஐந்தாம் நாள் திரும்பியபோது வீடு பளிச்சென்று இருந்தது. மனைவி ஒற்றை ஆளாக வாளியில் மொண்டு கொட்டியிருந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். கம்பெனியில் போட்டோ கேட்டிருந்தார்கள். அவள் சேற்றை வழித்து, தரையைத் துடைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊறிய மெத்தையைப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரனிடம் தள்ளிவிட்டு, கட்டிலில் துவைத்த விரிப்பை விரித்து, அதற்கப்புறம்தான் பதினொரு படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

“ஆபீஸ்ல நாலு பேர் பார்ப்பாங்கல்ல? குப்பைமேடு மாதிரியா காட்டறது?” என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கூரை போனது தெரிகிறது. தண்ணீர் புகுந்ததற்கு அடையாளம் இல்லை. நேரில் பார்த்த பிறகே எதுவும் முடிவாகும். அதுவரை கூரைக்கும் பணம் தருவதாகக் கடிதம் கிடையாது.

அன்றிலிருந்து படுக்கையறைக்குத் தார்ப்பாய்தான் கூரை. காற்றடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். இருவரும் அடுப்படியில் படுத்தார்கள். கால் நீட்டினால் சிலிண்டர் இடிக்கும்.

சர்வேயருக்குப் பின்னாலேயே, கூரை போடப் பேசிவைத்திருந்த கான்ட்ராக்டரும் உள்ளே வந்தார். பேச ஆரம்பித்தாலே இடுப்பிலிருந்து டேப்பை உருவுவார். அதனால் மனைவி அவருக்கு ‘டேப்’ என்றே பெயர் வைத்திருந்தாள்.

“அண்ணா, கூரைக்கு லெட்டர் வந்துட்டா மறுநாளே ஆள் இறக்கறேன்” என்றார் மெக்கானிக்கிடம். “இன்னிக்கும் இழுத்துச்சுன்னா பசங்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிடுவேன். அங்க முடிச்சுட்டு வர்றதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். தப்பா நினைக்காதீங்க.”

“இந்த வீட்டை அஞ்சு தடவை அளந்துட்டீங்க” என்றாள் மனைவி. “ஒரு செங்கல் வந்து இறங்கலை. வீடு வளருதான்னு பார்க்கறீங்களா?”

“அளவு தப்பிடக் கூடாதுல்ல அக்கா.”

“அப்போ நாங்க அடுப்படியில சுருண்டு கிடக்கற அளவையும் எடுத்துக்கோங்க.”

சர்வேயர் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டும். அண்ணாந்து தார்ப்பாயைப் படம் எடுத்தார். மரச்சட்டங்களை எண்ணினார். பிறகு சுவர்ப் பக்கம் வந்து விரல் முட்டியால் தட்டினார். மேலே ஒரு சத்தம், கீழே வேறு சத்தம். போனைத் திறந்து அந்தப் பதினொரு படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“அம்மா, இது புயலுக்கு முன்னாடி எடுத்ததா?”

“பின்னாடிதான் மேடம்.”

“தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?”

அவள் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

“சுவர்ல கோடு விழுந்திருக்கணுமே?”

“விழுந்துச்சு. தேய்ச்சுட்டேன்.”

“முழுசாவா?”

“லேசுல போகலை மேடம். சோப்புத்தூள் போட்டுப் பார்த்தேன், அசையலை. அப்புறம் பிளீச்சிங் பவுடர். மூணு நாள் தேய்ச்சேன்.” சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சர்வேயர் பேனாவை மூடினார்.

“உள்ள ஊறியிருக்கு, தட்டினாலே தெரியுது. ஆனா அது எப்படி ஊறிச்சுன்னு கேட்பாங்கம்மா. பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். நீங்க தேய்ச்சதை எழுத முடியாது. இப்படியே போனா மொத்த ஃபைலும் திரும்பிடும்.”

டேப்காரர் டேப்பை இழுத்து, விட்டார். அது சரக்கென்று உள்ளே போனது.

மெக்கானிக் பீரோவைப் பார்த்தார். இரும்புப் பீரோ. மூன்று பேர் சேர்ந்தால்தான் நகரும். அந்த நான்கு நாளும் பிறகும் அவர் நாற்பது வீடுகளில் தண்ணீர் இறைத்திருந்தார். எத்தனை கழுவினாலும் எல்லா வீட்டிலும் ஒரு இடத்தில் மட்டும் கோடு அப்படியே இருந்தது. பீரோவுக்குப் பின்னால். காலையிலிருந்தே அது அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியும்.

அவர் பார்வை போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“வேணாங்க.”

“நான் இன்னும் வாயே திறக்கலை.”

“திறக்க வேணாம். அங்க ஒட்டடை அப்பிக் கிடக்கும்.”

“கிடந்தா என்ன?”

“அந்தப் பொண்ணு நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்? மானம் போயிடும்.”

“மேல பாரு. கூரையே போயிடுச்சு.”

“கூரை புயல்ல போச்சு. இது என்னால போனதுன்னு ஆகும்.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிளீச்சிங் பவுடர் பட்டு விரல் நுனிகள் இன்னும் உரிந்திருந்தன. மெக்கானிக் அந்த விரல்களைப் பார்த்தார். கம்பெனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவள் தேய்த்துத் தேய்த்து இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. இனி இந்த ஒரு இடம்தான் பாக்கி. அதையும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். வேறு வழி இல்லை.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றார். டேப்காரரைக் கூப்பிட்டார். “ஒரு கை குடுங்க.”

மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு பேர் தள்ளினால் போதவில்லை. சர்வேயர் ஹெல்மெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தானும் ஒரு தோள் கொடுத்தார். பீரோ கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. தரையில் இரண்டு கோடு விழுந்தது.

பின்னால் ஒட்டடை திரை போலத் தொங்கியது. ஒரு உடைந்த சீப்பு, ஒரு சட்டைப் பொத்தான், காய்ந்துபோன பல்லி ஒன்று. அதற்கெல்லாம் நடுவே, முழங்கால் உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே சேறு காய்ந்து வெடித்திருந்தது. பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. மெக்கானிக் விரல் வைத்ததும் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது.

சர்வேயர் அதன் முன்னால் குந்தினார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

“டேப் இருக்கா?”

“இருக்கு மேடம்!” என்று கான்ட்ராக்டர் பாய்ந்தார். அளந்தார். நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். அந்த வீட்டில் அந்த டேப்புக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

சர்வேயர் ஒட்டடையோடும் பல்லியோடும் சேர்த்து ஆறேழு படம் எடுத்தார். பேனாவைத் திறந்து எழுதினார்.

“கூரைக்கு லெட்டர் நாளைக்கே வந்துடும் சார். நான் இன்னிக்கே அனுப்பிடறேன்.”

“நாளன்னிக்கு ஆள் இறங்கிடும் அண்ணா” என்றார் டேப்காரர். மெக்கானிக் தலையாட்டினார். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. உட்கார வேண்டும் என்றுதான் அதைவிட அதிகமாகத் தோன்றியது.

அதற்குள் மனைவி துடைப்பத்தோடும் ஈரத்துணியோடும் வந்து சுவர் முன்னால் மண்டியிட்டுவிட்டாள்.

“ஐயோ, தொடாதீங்கம்மா!” என்றார் சர்வேயர். “இது ஒரு தடவை நிறுத்தி வெச்ச கேஸ். கூரைக்கு நான் எழுதினா போதும். சுவருக்கு மேலிடத்திலிருந்து ஒருத்தர் வந்து நேர்ல பார்க்கணும். அதுவரைக்கும் எல்லாம் இப்படியே இருக்கட்டும். பீரோவையும் நகர்த்தாதீங்க. மறுபடி கழுவிட்டீங்கன்னா என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது.”

“எப்போ வருவாங்க?” என்று கேட்டார் மெக்கானிக்.

“பத்து நாள் ஆகலாம். ஒரு மாசமும் ஆகலாம். எங்ககிட்ட ஆள் இல்லை சார்.”

அறையின் நடுவில் பீரோ நின்றது. இனி கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லை. கூரை வந்தாலும் படுக்கை அடுப்படியில்தான்.

சர்வேயர் தரையில் பதிந்த தன் ஷூ தடத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வண்டியைக் கிளப்பினார். அவருக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி.

மனைவி துடைப்பத்தோடு வாசல்வரை ஓடினாள்.

“மேடம், ஒட்டடையை மட்டுமாவது அடிச்சுக்கட்டுமா?”