ஏழா, பதினொன்றா?

நைலாற்றின் கிளையொன்று மன்சூரா நகரின் மருங்கே மெல்ல நடந்து, ஆலைப் புகையையும் அந்திச் செம்மையையும் ஒருங்கே தன் நீரில் ஏந்திக் கடல்நோக்கிச் செல்லும் மாலைப்பொழுது. கரையோரம் சுட்ட சோளக்கதிர் மணக்க, தொழுகை அழைப்பு கோபுரந்தோறும் எழுந்து ஒன்றோடொன்று கலக்க, பள்ளி விட்டு நெடுநேரமாகியும் தோள்பை இறக்காத பிள்ளைகள் தனிப்பாடத்துக்கென்று தெருத்தெருவாய் விரைந்தனர். பகலில் ஒருமுறை கற்ற கணக்கையே மாலையில் மறுமுறை கற்பது அவ்வூர் வழக்கம். கற்பவர்க்கே இத்தனை களைப்பென்றால் கற்பிப்பவர் நிலையை, அறிவு சான்ற நண்பரே, நீரே எண்ணிக்கொள்ளும்.

களைத்தவருள் களைத்தவன் கணக்காசிரியன் வஜ்தி. எதிரெதிரே புறப்பட்ட இரு வண்டிகள் எங்கே சந்திக்கும், தந்தையின் அகவை மகனுடையதைப்போல் என்று இருமடங்காகும் என ஊர்ப்பிள்ளைகட்கெல்லாம் படிப்படியாய் விளக்கி விளக்கி, நா வறண்டு, கால் வீங்கி, இரு பாடங்களுக்கிடையே வாய்த்த சிறுபொழுதில் வீடு வந்தான். அங்கும் ஒரு மாணவி காத்திருந்தாள். அவன் மனைவி நுஸ்ஹா. மொரோக்கோ நாட்டு உஜ்தாவில் பிறந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, மணமாகி எகிப்துக்கு வந்தவள். குழந்தைகள் மருத்துவமனையில் அவள் பார்க்கும் வேலை நிலைபெற இடைநிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். வேலைக்கிடையே தனியே படித்து மற்ற பாடங்களில் எல்லாம் தேறியவள், சென்ற ஆண்டு கணக்கில் மட்டும் தவறினாள். மறுநாட் காலை மீண்டும் தேர்வு.

அவன் வழக்கம்போல் எதிர் இருக்கையில் அமர்ந்து, நூலில் அச்சிட்ட ஒரு கணக்கை விரலால் தட்டினான்.

“விடை ஏழு. இன்னும் எத்தனை வாட்டி சொல்றது? பதினெட்டுல நாலு போனா பதினாலு. அதுல பாதி ஏழு. தெருவுல போற கழுதைகூட சொல்லிடும்.”

“எனக்குப் பதினொண்ணு வருது. பதினெட்டையும் நாலையும் கூட்டினா இருபத்திரண்டு. அதுல பாதி பதினொண்ணு. திருப்பிப் போட்டும் பார்த்துட்டேன், பொருந்துது.”

“பொருந்தாது!”

“பொருந்துதுங்கறேன்!” என்றவள் குரல் உடைந்தது. “உங்க அக்கா தௌலத் முன்னாடி என்னைக் கல்மண்டைன்னு சொன்னீங்களே, அதுதான் சரி போல. நாளைக்கும் போச்சுன்னா புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுடறேன். இந்த மண்டைக்கு இது ஏறாது.”

வஜ்திக்கு வீங்கிய கால் விண்ணென்று வலித்தது. காலை நீட்டினாற் போதுமென்று எழுந்து, அவள் அமர்ந்திருந்த நீள் மெத்தையிலேயே அவளருகில் சாய்ந்தான். “சரிம்மா. வாய்விட்டு வாசி, கேப்போம்.”

அவள் விரல் வரியின் இடக்கோடியில் ஊன்றியது. “நாலு, சமம், தெரியாத எண்ணோட ரெண்டு மடங்கு, கழித்தல் பதினெட்டு...”

வஜ்தி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எகிப்தியர் எழுத்தை மட்டுமன்றிக் கணக்கின் வரியையும் வலமிருந்தே தொடங்குவர். உஜ்தாவின் பள்ளியிலோ சொற்கள் வலமிருந்து நடக்கும், கணக்கு மட்டும் இடமிருந்து நடக்கும். கூட்டலும் பெருக்கலும் எப்பக்கம் தொடங்கினும் பொறுத்துக்கொள்வன. கழித்தலும் வகுத்தலும் பொறா. நம் கணக்காசிரியரோ எதிரே அமர்ந்தே பழகியவர். அவளது இடம் அவருக்கு வலம். அவள் விரல் என்றும் சரியான இடத்தில் தொடங்குவதாகவே அவர் கண்ணுக்குப் பட்டது! கட்டிய மனைவியின் கணக்கில் இத்துணை கண்மூடித்தனம் கொண்டவரை ஊரார் கணக்குப் புலியென்று புகழ்ந்தனர்.

“இந்தப் பக்கத்துலேர்ந்தா வாசிக்கிற?”

“பின்னே? எங்க ஊர்ல கணக்கை இப்படித்தான் வாசிப்போம்.”

அவன் அவள் விரலைப் பற்றி வலக்கோடியில் வைத்தான். “பதினெட்டு, கழித்தல்...” என்று தொடங்கியவள் பாதியில் நின்றாள்.

“ஏழு,” என்றாள். பின் அவனை நிமிர்ந்து பார்த்து, “அப்போ போன வருஷம்?”

“போன வருஷமும் நீ போட்டது தப்பில்ல, நுஸ்ஹா. நீ வாசிச்ச கணக்குக்கு உன் விடை சரிதான்.”

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஓர் ஆண்டாய்த் தன் அறிவையே தான் ஐயுற்ற துயரமெல்லாம் அவ்வழுகையில் இருந்தது. அவனுக்கு நாணம் பிடுங்கித் தின்றது. அடுத்த பாடத்துக்குப் புறப்படும் நேரம் கடந்துகொண்டிருக்க, அவன் தொலைபேசியை எடுத்தான். வர நேரமாகுமென்று மாணவன் வீட்டுக்குச் சொல்லப்போகிறான் என்றே அவள் எண்ணினாள்.

“அக்கா, நான் வஜ்தி பேசறேன். போன வருஷம் உன் முன்னாடி நுஸ்ஹாவைக் கல்மண்டைன்னு சொன்னேன்ல? அது அவ இல்ல, நான்தான்... இல்லக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். இரு, அவகிட்டயே தர்றேன்.”

நுஸ்ஹா தொலைபேசியை வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலக்கோடியில் விரலூன்றி, அடுத்த கணக்கைத் தொடங்கிவிட்டிருந்தாள்.

“படிச்சிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க,” என்றாள்.

எதிரே அமர்ந்து பிழை சொல்ல எவராலும் இயலும். ஒருவர் எங்கே தொடங்குகிறார் என்று அறிய அருகே அமர வேண்டும். அதற்கும் சிலருக்குக் கால் வலிக்க வேண்டியிருக்கிறது.