மூன்றாவது கூடை

எங்கள் தெருவில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் சலவைக்கடைக்குத் தெரியும், அடுத்ததாக எனக்கு. கடையின் கண்ணாடிக் கதவு என் சன்னலுக்கு நேர் எதிரே இருப்பதற்கு நான் பொறுப்பல்ல. கட்டியவர்கள் அப்படிக் கட்டிவிட்டார்கள்.

கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் நுரை. முழங்கை வரை எந்நேரமும் சோப்பு ஒட்டியிருக்கும் என்பதற்காக வைத்தார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில், பேச ஆரம்பித்தால் பொங்கிக்கொண்டே போவார், முடித்த பிறகு கேட்டவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் வந்த பெயர் அது. தொழிலில் மட்டும் ஆள் கெட்டி. கடையில் இரண்டு கூடைகள், ஒன்று வெள்ளைக்கு, ஒன்று கலருக்கு. வாடிக்கையாளரோடு வாயாடிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் துணிகளை வீசுவார். ஒரு கைக்குட்டைகூடக் கூடை மாறி விழாது.

அவர் மனைவி முனையில் இருக்கும் சபையில் பழைய விசுவாசி. நுரை ஞாயிறுதோறும் அவளைச் சபை வாசலில் விட்டுவிட்டுக் கடை திறக்கப் போய்விடுவார். அவர் மனம் மாற வேண்டும் என்று அவள் வருஷக்கணக்காக ஜெபித்தாள். ஜெபித்த நேரம் போக மீதி நேரத்தில் அவரைத் திட்டினாள். இரண்டில் எது பலித்தது என்று எனக்குத் தெரியாது. இந்த வருஷம் மனிதர் தானாகவே ஞானஸ்நான வகுப்பில் வந்து உட்கார்ந்தார்.

நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வேத அறிவு யாருக்கும் கெடுதல் இல்லையே.

எங்கள் பாஸ்டர் நுரையைவிட வயதில் சிறியவர், புதிதாக வந்தவர். கேள்வி கேட்டால் காது சிவக்கும். பாவம், சிலுவை, உயிர்த்தெழுதல், கிருபை என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லிக்கொண்டு போக, நுரை எல்லாவற்றையும் துணியாக மாற்றிப் புரிந்துகொண்டார்.

"பாஸ்டர், கறை போயிடும்னு சொல்றீங்க. போனப்புறம் ஒரு நிழல் மாதிரி நிக்குமே, அது?"

"அதுவும் நிக்காதுண்ணே. சுத்தமாப் போயிடும்."

"என் அனுபவத்துல அப்படி ஒரு சோப்பு கெடையாது."

"சோப்பு இல்லண்ணே. இயேசு தன் உயிரையே குடுத்துருக்காரு."

நுரை முழங்கையில் காய்ந்திருந்த சோப்பைச் சுரண்டினார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு, "அதுக்கு நம்ம பக்கத்துல இருந்து என்ன செய்யணும்?" என்றார்.

"ஒண்ணும் செய்ய முடியாது. நம்பி வாங்கிக்கலாம். சும்மா கெடைக்கிறதுதான் கிருபை."

அதுவரை தெளிவாக இருந்தார். கடைசிப் பாடத்தில்தான் குழம்பினார். எதைச் செய்தாலும் கடவுளுடைய மகிமைக்காகச் செய்ய வேண்டும் என்று பாஸ்டர் சொன்னதும், "சும்மா கெடைச்சதுக்கு அப்புறம் எதுக்கு செய்யணும்? செய்யணும்னா நான் எதைச் செய்யறது? எனக்குப் பாடத் தெரியாது, பிரசங்கம் வராது. நாள் பூரா அடுத்தவன் அழுக்குல நிக்கிறேன். சாக்ஸ்ல என்ன பாஸ்டர் மகிமை இருக்கு?" என்று அடுக்கினார்.

பாஸ்டரின் காது சிவந்தது. "நன்றியோட செய்யறதுண்ணே" என்றார். மேலே என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் சபைச் செயலாளர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார்.

செயலாளரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டப்பெயர் கஞ்சி. சட்டைக்கு இரட்டைக் கஞ்சி போடச் சொல்வார். உட்கார்ந்தால் சட்டை முனகும். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், அவர்தான் சபையின் துணிமூட்டையைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஞானஸ்நானம் எடுப்பவர்களும் பாஸ்டரும் போடும் வெள்ளை அங்கிகள், அவற்றோடு திருவிருந்து மேஜைக்குப் புதிதாக வாங்கிய கனத்த சிவப்பு விரிப்பு.

"நாளைக்குப் பளிச்சுனு இருக்கணும். சபையோட மரியாதை இதுல இருக்கு" என்றார்.

நுரையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேடிக்கொண்டிருந்த மகிமை மூட்டையாகக் கட்டி வாசலுக்கே வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்ப் புதுக் கூடை ஒன்றை எடுத்துவந்தார். துடைத்தார், அடியில் சுத்தமான துண்டு விரித்தார். மூட்டையை அப்படியே அதில் வைத்தார்.

"இது எதுக்கு மூணாவதா?" என்று மனைவி கேட்டாள்.

"சபைத் துணிக்கு. கண்டவன் வேட்டியோட கடவுள் துணியப் போடச் சொல்றியா?"

பெரிய மெஷினைக் காலி செய்து, கதவின் ரப்பர் இடுக்கு வரை துடைத்தார். அதன் முன்னால் கண்ணை மூடி நின்றார். கூடையை அப்படியே உள்ளே கவிழ்த்தார். கடவுளுக்கு அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று சூட்டை உச்சத்தில் வைத்தார். நான் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்தி என்றால் இதுவல்லவா பக்தி என்று எனக்கே கண் கலங்கியது. என்ன தப்பு நடக்கிறது என்று எனக்கும் உறைக்கவில்லை. அவர் மனைவிக்கும் உறைக்கவில்லை.

மெஷின் நின்று கதவைத் திறந்தபோதுதான் உறைத்தது. வெள்ளை வேறு, கலர் வேறு என்று ஆயுசு முழுக்கப் பிரித்த மனிதர், அன்றைக்குக் கடவுள் துணி வேறு, சனங்கள் துணி வேறு என்று பிரித்துவிட்டார். அங்கிகள் எல்லாம் நல்ல ரோஜா நிறத்தில் வெளியே வந்தன.

நான் இறங்கி ஓடினேன். சில்லறை மாற்றத்தான் போனேன்.

நுரை ஓர் அங்கியை மட்டும் வெளுப்பு மருந்தில் முக்கிப் பார்த்தார். அது திட்டுத்திட்டாக வெளுத்து, மாடு நக்கின சுவர் மாதிரி ஆனது. அதற்குமேல் எதையும் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கடவுளுக்குன்னு மொதமொதல்ல ஒரு வேலை செஞ்சேன்" என்றார். "அதுவே இப்படி. நீ வேணாம்னு சொல்றாரு. நான் நாளைக்குத் தண்ணியில எறங்கல."

மனைவி ஆடிப்போய்விட்டாள். வருஷக்கணக்காக ஜெபித்த ஜெபம் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறதே! அந்தப் பதற்றத்தில் அவள் வாயில் வந்ததை நான் அப்படியே சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை.

"இந்தாங்க, ஓட்டல் சமையல்காரங்க வெள்ளைக் கோட்டு அத்தனையும் மடிச்சு இருக்கு. திங்கக்கிழமைதான வர்றாங்க? நாளைக்கு அதப் போட்டுட்டு, தொவைச்சுக் குடுத்துரலாம். யாருக்குத் தெரியும்?"

"அடுத்தவன் கோட்டு அது."

"அப்ப விரிப்பு வித்தவன் மேல பழியப் போடுங்க. மட்டமான சாயம்னு சொல்லுங்க. எந்தக் கடைக்காரனும் இதத்தான சொல்வான்?"

நுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "பொய்யச் சொல்லிட்டுத் தண்ணியில எறங்கச் சொல்றியா? எதுக்கு எறங்கறேன்னே தெரியாமப் போயிடுமேடி."

அவள் கோட்டு அடுக்கை விட்டுக் கையை எடுத்தாள். எனக்குத் தலை சுற்றியது. ஞானஸ்நானம் எடுத்த பழைய விசுவாசி அங்கே நின்றுகொண்டு குறுக்குவழி சொல்கிறாள். எடுக்கவே தகுதியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவர் கோட்டைத் தொட மாட்டேன் என்கிறார். இதில் யார் உள்ளே, யார் வெளியே? எந்தக் கூடையில் யாரைப் போடுவது?

சாயங்காலம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு நடந்தார். மனைவி பின்னால் நடந்தாள். "நீங்களும் வாங்கக்கா" என்று அவள் என்னைக் கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

கூடத்தில் பாஸ்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஞானஸ்நானத் தொட்டியில் குழாயால் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். கஞ்சி மேற்பார்வை. நுரை மூட்டையை அவிழ்த்தார்.

குழாய் மட்டும் சளசளவென்றது.

"என்னய்யா இது!" என்று கஞ்சி கத்தினார். "ஞானஸ்நானமா, நாடகமா?"

"தப்பு என்னோடதுதான். நான்தான் ஒண்ணாப் போட்டேன்" என்றார் நுரை. "புதுசு தெச்சுக் குடுத்துடறேன். பாஸ்டர், என் பேர மட்டும் எடுத்துருங்க. கடவுளுக்கு என்னைப் பிடிக்கல."

பாஸ்டர் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓர் அங்கியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். காது அங்கியின் நிறத்துக்கு வந்திருந்தது. சிரிப்பா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஓட்டல் துணி தொவைச்சீங்களா இந்த வாரம்?"

"தொவைச்சேன்."

"அதுல சாயம் ஏறுச்சாண்ணே?"

"அது எப்படி ஏறும்? பிரிச்சுல்ல போட்டேன்."

"இதை ஏன் பிரிக்கல?"

"இது கடவுளுக்காச்சே. அதான் தனியா..."

"அப்ப ஓட்டல் துணி யாருக்கு?"

நுரை அவிழ்த்த மூட்டையைத் திரும்பிப் பார்த்து முழித்தார். பாஸ்டர் பாடத்தில் சொல்ல வந்து கஞ்சி கடிகாரம் காட்டியதில் நின்றுபோனது இதுதான் போலிருக்கிறது. ஆனால் சொல்லிவிட்டு அவரும் முழித்தார். தான் சொன்னது சரிதானா என்று அவரே யோசிப்பது போல இருந்தது.

"அதெல்லாம் சரி பாஸ்டர்" என்றார் நுரை மெதுவாக. "கெடுத்தது கெடுத்ததுதான?"

"கெடுத்ததுதாண்ணே. வெள்ளையா வந்தாத்தான் எறங்கலாம்னா நானே எறங்கியிருக்க முடியாது. நீங்க நல்லாத் தொவைச்சீங்கன்னு கடவுள் உங்களைக் கூப்பிடல. கெட்டுப்போச்சுன்னு அனுப்பவும் மாட்டாரு."

"இந்த நிறத்துலயா எறக்கப் போறீங்க?" என்றார் கஞ்சி. "மரியாதை..."

"திட்டா இருக்கறத எனக்கு எடுத்து வையுங்க" என்றார் பாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார இடம் இல்லை. செய்தி எப்படிப் பரவியது என்று என்னைக் கேட்காதீர்கள். ரோஜா அங்கிகள் வரிசையாக நடந்து வந்தபோது ஒரு குழந்தை கையைத் தட்டியது. பாஸ்டர் திட்டு அங்கியில் தொட்டிக்குள் நின்றார். கடைசியாக நுரை இறங்கினார்.

"இயேசு கிறிஸ்து கடவுளோட குமாரன், உங்க பாவத்துக்காக மரிச்சு உயிரோட எழுந்தாருன்னு விசுவாசிக்கிறீங்களா?"

"விசுவாசிக்கிறேன்."

"இனிமே அவரோட மகிமைக்காக வாழ்வீங்களா?"

இதற்கும் ஒரே சொல்லில்தான் பதில் சொல்ல வேண்டும். நுரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படின்னு முழுசாப் பிடிபடல பாஸ்டர்" என்றார். "ஆனா ஆசையா இருக்கு."

கஞ்சி இருமினார். பாஸ்டர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு அவரைத் தண்ணீருக்குள் சாய்த்துத் தூக்கினார். எழுந்து வந்தவர் மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மினார். அவர் மனைவி சத்தமாகவே அழுதாள். அந்த அழுகையில் ஓட்டல் கோட்டும் கொஞ்சம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை என் பழைய ஊதா நைட்டியைத் துவைக்கக் கொடுக்கப் போனேன். புதுக் கூடை கடை மூலையில் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் துணி மாட்டும் கம்பிகள் கிடந்தன. நுரை யாரோடோ வாயாடிக்கொண்டே என் நைட்டியை வாங்கி, திரும்பிப் பார்க்காமல் கலர்க் கூடைக்குள் வீசினார். அங்கே என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். பாஸ்டரின் திட்டு அங்கி!

"ஐயோ, என் நைட்டியோடவா?"

"அது இப்ப கலர்தானக்கா. கலரு கலரோட."

"சாயம் விட்டா?"

"உங்க நைட்டியில விடறதுக்கு இனி என்ன மிச்சம் இருக்கு?"

இரண்டையும் மெஷினில் போட்டார். இந்தத் தடவை கண்ணை மூடி நிற்கவில்லை. சூட்டை மட்டும் குனிந்து பார்த்துச் சரியாக வைத்தார். கண்ணாடிக்குள் என் நைட்டியும் பாஸ்டர் அங்கியும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சுற்றின. பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"அப்ப என் நைட்டியத் தொவைக்கிறதும் கடவுளுக்குத்தானா?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

நுரை வழக்கம்போலப் பொங்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஈரக்கையால் தலையைச் சொறிந்தார். நெற்றியில் நுரை ஒட்டியது.

"அப்படித்தான் போலருக்கு" என்றார், அவருக்கே நம்பிக்கையில்லாத குரலில். "காலர்ப் பக்கம் அழுக்கு ஜாஸ்திக்கா. இன்னொரு தடவை தேய்ச்சுத்தான் குடுப்பேன். நாளைக்கு வாங்க."

வீட்டுக்கு வந்து சன்னலில் உட்கார்ந்தேன். என் அழுக்கைச் சொல்லிக் காட்டியதற்குக் கோபப்படுவதா, அதையும் கடவுள் வேலையாகத் தேய்ப்பதற்குச் சந்தோஷப்படுவதா என்று இன்னும் விளங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.