மருமகன் வார்த்த தந்தம்

இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒரு பொருள் அதுவாகவே இருந்தால் பிடிப்பதில்லை. கல்யாணப் பந்தலில் கட்டுகிற வாழைமரம் பிளாஸ்டிக். வீட்டு முகப்பில் கருங்கல் மாதிரி எதையோ ஒட்டுகிறான், தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் வருகிறது. கேட்டால், "பாக்க நல்லாருக்குல்ல தாத்தா, அது போதும்" என்கிறான். பார்க்க நன்றாக இருந்த பொருளால்தான் என் மருமகன் காசிநாதன் இப்போது சிறையில் கிடக்கிறான்.

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை வைத்திருப்பவன் அவன். யானை செதுக்குவான். அந்த யானைக்குத் தந்தம் வைப்பதில்தான் சனியன் பிடித்தது. வெள்ளை மரத்தில் வைத்தான், மங்கிப்போனது. பிளாஸ்டிக் குழாயை வளைத்து வைத்தான், பல்செட் மாதிரி இளித்தது. வாங்குகிறவர்களோ நிசம் போலவே வேண்டும் என்றார்கள். கல்வராயன் மலையிலிருந்து மாக்கல் கொண்டுவந்து இடித்து, ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினில் கலந்து அச்சில் ஊற்றினான். மினுமினுப்பு போகவில்லை. கடைசியில், செடிக்குப் போட உரக்கடையில் விற்கிற எலும்புத்தூளையும் சலித்துச் சேர்த்தானாம். டீத்தண்ணியில் ஊறப்போட்டுப் பழசாக்கினானாம். எல்லாம் அவன் சொன்னதுதான், நான் பார்க்கவில்லை. நான் போன போதெல்லாம் பட்டறை பூட்டிக் கிடக்கும். "மலைக்குப் போயிருக்காரு, கல்லெடுக்க" என்பாள் என் மகள் பாரதி. கல்லுக்கு அத்தனை தடவையா?

பெரிய தந்தங்கள் இரண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, உளுந்தூர்பேட்டையில் சென்னை பஸ்ஸுக்கு நின்றவனைக் காட்டிலாகாக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். சேதி வந்து அவர்கள் ஆபீசுக்கு நான் ஓடினேன். மேசைமேல் தந்தங்கள் கிடந்தன. சத்தியமாக எனக்கே நிசம்தானோ என்று பட்டது.

"சார், ரெசினுங்க. நான் ஊத்துனதுங்க" என்று காசிநாதன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"புடிபடறவன்லாம் அப்பிடித்தாண்டா சொல்றான்" என்றார் அதிகாரி.

"கல்வராயன்ல யானை ஏது சார்? நான் பொறந்ததுலேர்ந்து ஒன்னு பாத்ததில்ல" என்றேன்.

அவர் சிரித்தார். "யானை வராது பெரியவரே. தந்தம் மட்டும் பஸ் ஏறி வரும்."

ஊசி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சச் சொன்னார். போலி என்றால் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வருமாம், தந்தம் என்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வருமாம். ஊசியை வைத்தார்கள். புகை எழும்பியது. மயிர் பொசுங்கும் நாற்றம்.

"எலும்புத்தூளுங்க சார்! உரக்கடை எலும்புத்தூளு!" என்று கத்தினான். கத்தும்போதே அவன் மூஞ்சியில் ஒரு பெருமை வந்து போனது. வேலை அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறதே என்கிற பெருமை. இல்லை, திருடனின் சாமர்த்தியமோ என்னவோ. எனக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்க இன்னா சொல்றீங்க பெரியவரே?"

"எனக்கு இன்னாங்க தெரியும்."

மாமா, என்று மட்டும் சொன்னான் காசிநாதன். அதோடு தலையைக் குனிந்தவன்தான், அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியவில்லை. அதுவரை அவன் வெளியே வர, நிலமுள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அவன் அண்ணன் முனியன் ஒருவன். இன்னொருவன் நான்.

இன்று காலை பாரதி என் ஊர் களமருதூருக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே பேசினாள். "நாளைக்கு கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுப்பா."

"பாத்து சொல்றேன்."

"இன்னாத்தப் பாக்கப்போற? அவரு திருடரா இல்லியான்னா?" பையிலிருந்து ஒரு தந்தத்தை எடுத்துத் தரையில் போட்டாள். பட்டறையில் மிஞ்சியது. "இந்தா, நீயே பாத்துக்கோ. ஊத்துனதா மொளைச்சதான்னு."

கல்லால் ஓங்கிப் போட்டேன். இரண்டாக விண்டது. நடுவில் ஒரு ஓட்டை இருந்தது.

"பாத்தியா? ஊத்துறப்ப காத்து நின்ன ஓட்டை" என்றாள்.

"பல்லுக்குள்ளயுந்தான் ஓட்டை இருக்குது. யானையோட பல்லுதான தந்தம்?"

அவள் என்னையே வெறித்துப் பார்த்தாள். அதற்குள் எங்கள் வீட்டு நாய் வந்து ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பூவரச மரத்தடிக்குப் போனது. கடித்தது, கீழே போட்டது, மோந்தது, மறுபடியும் கவ்வியது. நாங்கள் இரண்டு பேரும் அந்த நாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நாயி சொன்னாலாவது நம்புவியாப்பா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "நீ வரலன்னா அவரு உள்ளயேதான்."

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நான் கொல்லைப் பக்கம் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் நாய் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எலும்பைக் கடிக்கிற மாதிரிதான் இருந்தது.