ஆலந்திடலில் வெயில் விழாத வீடு

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்த வருஷம், நன்னிலத்துக்குக் கிழக்கே ஆலந்திடலில் தியாகராசன் வீட்டின் மேல் வெயில் விழுவது நின்றுபோனது. நின்றது கார்த்திகையில் என்பதால் யாரும் உடனே கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஐப்பசி பிறந்தாலே வெயில் எப்போதாவது எட்டிப் பார்க்கும். கார்த்திகையில் அதுவும் கிடையாது. தை பிறந்து வானம் வெளுத்த பிறகுதான், தெருவெல்லாம் பளீரென்று இருக்க, அவருடைய ஓட்டுக்கூரையும் களமும் களத்தை ஒட்டிய மேடும் கொல்லையும் மட்டும் அந்தி மாதிரி மங்கிக் கிடப்பதைப் பால்காரர் பார்த்துச் சொன்னார். மேலே மேகம் இல்லை, பக்கத்தில் பெரிய மரமும் இல்லை. வேலி வரைக்கும் வந்த வெயில் அங்கேயே நின்றுகொண்டது.

தியாகராசனுக்குக் காரணம் தெரியும். அவர் ஊராட்சித் தலைவர், கட்சிக்காரர், நல்ல பேச்சாளர். இனி என்னை யாரும் ஆண்டே என்று கூப்பிடக் கூடாது, ஐயா என்றால் போதும் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர். அவருடைய களத்தை ஒட்டிய மேட்டில் வீரையனும் அம்சவல்லியும் குடியிருந்தார்கள். வீரையன் பிறந்ததே அந்தக் குடிசையில்தான். அவன் அப்பனும் அவனும் தியாகராசன் வீட்டு வயலைத் தவிர வேறு வயலில் கால் வைத்ததில்லை. சட்டம் வரப்போகிறது, மனையை அளக்க ஆள் வரும் என்று காதில் விழுந்ததுமே தியாகராசன் ஆட்களை விட்டுக் குடிசையைப் பிரித்துப் போட்டார். அன்றைக்கு விடாத மழை. உலை கொதிக்கிறது, சோறு வடித்துவிட்டுப் போகிறோம் என்று அம்சவல்லி கேட்டாள். அவருக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. விழாத மாதிரி குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டார். பிறகு தாசில்தார் வந்து விசாரித்தபோது, “அங்க யாரும் குடியிருந்தது இல்லீங்க. மாட்டுக்கொட்டாய்தான் கெடந்துச்சு” என்றார். வீரையன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பின்னாளில் தியாகராசனுக்குப் பல தடவை தோன்றியது. வீரையன் குடும்பம் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நாலு கழியை நட்டுக் கீற்றைப் போட்டுக்கொண்டது.

வெயில் இல்லாத வீட்டில் வாழப் பழகினார்கள். அறுத்த நெல் களத்தில் காயாமல் முளைத்தது. வேட்டி சேலையெல்லாம் ஒரு முடை நாற்றம். அவர் மனைவி ஆனந்தவல்லி வடகம் போடுவதை விட்டாள். யாராவது கேட்டால் தியாகராசன், வீடு கட்டின திசை சரியில்லை என்பார். ஆமாங்க, திசைதான் என்று கேட்டவர்களும் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி உடனே ஒத்துக்கொண்டதுதான் அவரைக் கூசவைத்தது. பங்குனியில் வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர் கண்ணாடி உருண்டை வைத்த இரண்டு கருவிகளோடு வந்தார். உருண்டை வழியாக விழும் வெயில் பின்னால் இருக்கும் அட்டையைக் கருக்கிக் கோடு போடும். கோட்டின் நீளத்தை வைத்து ஊரின் வெயிலை அளப்பார்கள். சித்திரை முழுக்க ஊராட்சி அலுவலகத்து அட்டைகளில் நீளநீளமாகக் கோடு விழுந்தது. தியாகராசன் வீட்டில் வைத்த அட்டை வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. கருவி பழுது என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

காணாமல் போன வெயில் எங்கே போனது என்பது அடுத்த ஐப்பசியில் தெரிந்தது. ஊரே மழையில் ஊறிக் கிடக்க, வாய்க்கால் கரையில் அம்சவல்லி குடிசைக்கும் அதன் வாசலுக்கும் மட்டும் சித்திரை வெயில் அடித்தது. சுற்றிலும் மழைக்கம்பி, நடுவில் காய்ந்த மண். ஊர்ப் பெண்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு ஈர நெல்லையும் மிளகாயையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்சவல்லி யாரையும் போ என்று சொன்னதில்லை. தியாகராசன் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போகவில்லை.

அந்தக் கார்த்திகையில் அவர் மகள் தங்கமணி பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த பெண் குழந்தை இரண்டொரு நாளில் மஞ்சள் பூத்தது. கண்ணின் வெள்ளைகூட மஞ்சளானது. மன்னார்குடி டாக்டர், காலை வெயிலில் காட்டுங்கள், குறையாவிட்டால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அவர்கள் வீடு திரும்பிய அன்றே ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்றுவிட்டது. குழந்தை பால் குடிக்காமல் தூங்கியபடியே இருந்தது.

“அம்சவல்லிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்” என்றார் தியாகராசன்.

“நான் போயிக் கேக்க மாட்டேன். பிரிச்சது நீங்க” என்றாள் ஆனந்தவல்லி.

அவரே போனார். குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் அவர், பின்னால் குழந்தையைப் போர்த்திக்கொண்டு தங்கமணி. வழியெல்லாம் சொல்வதற்கு வார்த்தை தேடினார். மேடையில் மணிக்கணக்கில் பேசிய வாய். வாசலில் உட்கார்ந்திருந்த வீரையன் அவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனான். அம்சவல்லி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். வழக்கமாகச் சொல்லும் ஆண்டேயும் சொல்லவில்லை, ஐயாவும் சொல்லவில்லை. தங்கமணியின் கையிலிருந்த போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

“ஐயோ, எத்தினி நாளா இப்படி இருக்கு? குடு தாயி.”

கோணியை விரித்து, அதன்மேல் தன் பழைய சேலையை மடித்துப் போட்டு, குழந்தையின் துணியைக் கழற்றி வெயிலில் கிடத்தினாள். தியாகராசன் ஏதோ சொல்ல வாயெடுத்து முன்னால் வந்தார்.

“நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிள்ள மேல நெழலு விழுது.”

அவர் பின்னால் நகர்ந்தார். நகர்ந்த இடம் மழை. குடையை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. அம்சவல்லி குழந்தையைத் திருப்பித் திருப்பிப் போடுவதைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றார். குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் அவருக்கும் அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தார், தங்கமணிக்குத் தெரிந்தது.

மஞ்சள் இறங்கும்வரை தினமும் போனார்கள். வெள்ளம் வடிந்ததும் தியாகராசன் தாலுக்கா ஆபீஸுக்குப் போய், அங்கே குடிசை இருந்தது, வீரையன் குடியிருந்தான், நான்தான் பிரித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கட்சியில் அவரை ஒதுக்கினார்கள். சொந்தக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். மனை வீரையன் பேருக்கு வந்தது. அன்றைக்கே அந்த மேட்டில், மனையின் அளவுக்குச் சரியாக வெயில் விழுந்தது. வீரையன் அங்கே வாழை வைத்தான், திரும்பக் குடிவரவில்லை. “அங்க படுத்தா எனக்குத் தூக்கம் வராதுங்க” என்று மட்டும் சொன்னான்.

தன் வீட்டுக்கும் வெயில் வரும் என்று தியாகராசன் நம்பினார். விடியும்போதே எழுந்து வாசல் கதவைத் திறந்துவைப்பார். வரவில்லை. சில வருஷம் திறந்துவைத்தார். பிறகு, வரவேண்டும் என்று எதிர்பார்த்ததே தப்பு என்று அவருக்குப் பட்டது. கதவை எல்லாரையும் போலத் திறக்க ஆரம்பித்தார்.

ஆட்சிகள் மாறி மாறி வந்தன. வாய்க்கால் கரையில் தொகுப்பு வீடுகள் எழும்பின. தங்கமணியின் மகள் வளர்ந்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியைக்கூட இறக்காமல் முதலில் அம்சவல்லியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தியாகராசன் எண்பதைத் தாண்டி, கண்மங்கி, கைத்தடியோடு நடந்த காலத்தில் சூரிய மின்சாரத் திட்டத்துக்கு அளக்க ஆட்கள் வந்தார்கள். கூரை கூரையாக மீட்டரைக் காட்டி, சித்திரைக்கு இவ்வளவு, கார்த்திகைக்கு இவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். தியாகராசன் வீட்டுக் கூரையில் முள் அசையவில்லை. வந்தவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். கூட வந்த தலையாரி, “அந்த வீட்டுக்கு வெயில் கெடையாதுங்க சார். கரையில வைங்க, அங்க மழையிலயும் அடிக்கும்” என்றார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி. வந்தவரும் அப்படியே குறித்துக்கொண்டார்.

கரை வீடுகளின் மேல் சூரியப் பலகைகள் ஏறின. ஊரில் பாதி நாள் கரண்டு இல்லாத காலத்தில், அடைமழையிலும் அங்கே மின்சாரம் மிஞ்சியது. மிஞ்சியதைக் கம்பி இழுத்து ஊருக்குக் கொடுத்தார்கள். முதல் கம்பியைத் தியாகராசன் வீட்டுக்கு இழுக்கச் சொன்னவள் அம்சவல்லி. “பகல்லயே இருட்டிக் கெடக்குற வூடு. வயசான மனுசன் தடுக்கி வுழுந்துடப் போறாரு” என்றாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரிகிறது. அது எந்த வெயில் என்று ஊருக்கே தெரியும். யாரும் சொல்லிக்காட்டுவதில்லை.